பிஞ்சுக் கழுத்தில் கை வைக்கும் முன்

அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். கட்டிவிட்டீர்கள் என்றால் திரும்பக் கேளுங்கள். தர மறுத்தால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். பணம் போனால் உங்களோடு போகிறது. அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய பிறகு நீங்கள் தொடப்போகும் குழந்தைக்கு ஒன்று நேர்ந்தால் அது அப்படிப் போகாது.

போன வாரம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "மேடம், சேரலாமா?" என்று கேட்டிருந்தாள். மூன்று நாள் பயிற்சி. ஓட்டல் ஹால், மதியச் சாப்பாடு உண்டு. முடிவில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்குமான ஆஸ்டியோபதியில் "முதுநிலை" சான்றிதழ். அவள் பிசியோதெரபி முடித்து இரண்டு வருடம் ஆகிறது. சென்னை கோபாலபுரத்தில், அவ்வை சண்முகம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துக் கிளினிக் நடத்துகிறாள். மாதம் பிறந்தால் வாடகை. பக்கத்துத் தெருவில் இன்னொருவர் போர்டு வைத்துவிட்டார். அவள் கஷ்டம் எனக்குத் தெரியும். போனில் அவளுக்குச் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். அந்த விளம்பரம் அவளுக்கு மட்டும் வந்திருக்காது.

ஆஸ்டியோபதி என்ற சொல்லுக்கு முதலில் மரியாதை கொடுங்கள். 1874-இல் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர் தொடங்கிய கைச்சிகிச்சை வழி அது. 1892-இல் மிசௌரி மாநிலத்தில் கர்க்ஸ்வில் என்ற ஊரில் அதற்கென்று பள்ளி திறந்தார். இன்று அமெரிக்காவில் அந்தப் படிப்பை முடித்தவர் முழு மருத்துவர். மருந்து எழுதுவார், அறுவை சிகிச்சை செய்வார். குழந்தை மருத்துவராக வேண்டுமென்றால் அதற்கு மேல் மூன்று ஆண்டு ரெசிடென்சி. பிரிட்டனில் 1993-இல் தனிச் சட்டமே போட்டார்கள். பதிவு இல்லாதவர் தன்னை ஆஸ்டியோபத் என்று சொல்லிக்கொள்வதே அங்கே குற்றம். லண்டனில் 1991-இல் குழந்தைகளுக்கென்று ஓர் ஆஸ்டியோபதி மையம் தொடங்கினார்கள். ஏற்கெனவே பட்டம் வாங்கித் தொழில் செய்பவர்கள் அங்கே போய், மூத்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நிஜக் குழந்தைகளிடம் மறுபடி மாணவராகக் கற்றார்கள். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட அளவுகோலின்படி, மருத்துவப் பின்னணி இல்லாமல் புதிதாக வருபவருக்கு 4,200 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் குறைந்தது 1,000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளோடு. குழந்தைகளைப் பார்ப்பது அதற்கும் மேல் ஒரு படி. உங்கள் ஓட்டல் ஹாலில் நாளுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் 18 மணி. அதிலும் கைப்பயிற்சி ஒரு பொம்மை மேல், அல்லது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சக மாணவரின் முதிர்ந்த கழுத்தின் மேல்.

நம் ஊரில் குழந்தையின் உடம்பைக் கையால் பார்ப்பது புதிதே இல்லை. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்ட வரும் பாட்டியை நினைத்துப் பாருங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு, எண்ணெய் தடவி நீவி, வெந்நீர் ஊற்றி, மூக்கை எடுத்துவிட்டு, தலையை வழித்து, சாம்பிராணிப் புகை காட்டிக் கொடுப்பார். தூக்கும்போதெல்லாம் குழந்தை வீறிட்டால் "உரம் விழுந்திருச்சு" என்பார். பழைய சேலையை விரித்து, குழந்தையை நடுவில் கிடத்தி, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உருட்டுவார்கள். ஒருசில குழந்தைகள் அதற்குப் பின் தூங்கிப்போகும்.

அந்தப் பாட்டியை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். நூற்றுக்கணக்கான குழந்தைகளைத் தொட்ட கை அது. ஆனால் தூக்கும்போது அழும் குழந்தைக்குப் பிரசவத்தில் காறை எலும்பு உடைந்திருக்கலாம். இடுப்பு மூட்டுக்குள் சீழ் கட்டியிருக்கலாம். பச்சைக்குழந்தைக்கு மூட்டில் சீழ் வைத்தால் சில சமயம் ஜுரம்கூட இருக்காது. ஒரு காலை மட்டும் அசைக்காமல் வைத்திருக்கும், டயப்பர் மாற்றும்போது அலறும், அவ்வளவுதான் அடையாளம். அந்தக் குழந்தைக்கு மணிக்கணக்கில்தான் நேரம் இருக்கிறது. தாமதித்தால் அந்த மூட்டு அரிக்கப்பட்டுப்போய் வாழ்நாள் முழுக்க நொண்டல். பாட்டி உருட்டினாலும் தவறு, நீங்கள் மெத்தையில் போட்டு மெல்ல அழுத்தினாலும் அதே தவறு. ஒரு வித்தியாசம் உண்டு. உங்களிடம் வரும் தாய், "படிச்சவங்க பார்த்துட்டாங்க" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவாள். பாட்டியிடம் காட்டியவள் அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள்.

காரணமின்றி அழும் குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு வலை இருக்கிறது, நல்லவர்களும் விழும் வலை. அந்த அழுகை பிறந்து ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும். மூன்று, நான்கு மாதத்தில் தானாக அடங்கிவிடும். நீங்கள் ஆறாவது வாரம் மண்டையோட்டைப் பிடித்து வைத்தியம் தொடங்கினால் பன்னிரண்டாவது வாரம் பெயர் உங்களுக்கு. தாய் கைகூப்புவாள், பத்துப் பேருக்குச் சொல்லுவாள், நீங்களும் உங்கள் கையை நம்பிவிடுவீர்கள். நம்பிய பிறகு திரும்ப முடியாது. 2013-இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, குழந்தை நோய்களுக்கான ஆஸ்டியோபதிக் கைச்சிகிச்சை பற்றி அதுவரை வந்த சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்துவிட்டு, பலன் நிரூபிக்கப்படவில்லை, ஆய்வுகள் குறைவு, தரமும் போதாது என்று முடித்தது. ஆஸ்திரேலியாவில், பிறந்து இரண்டு வாரமே ஆன குழந்தையின் முதுகெலும்பை ஒரு கைரோபிராக்டர் கையாளும் வீடியோ வெளியே வந்து ஊரே கொதித்தது. 2019-இல் கைரோபிராக்டர்களின் வாரியமே, இரண்டு வயதுக்குட்பட்டவர்களின் முதுகெலும்பை இப்படிக் கையாளக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. இதை உங்கள் பயிற்சியாளர் ஸ்லைடில் காட்டுவாரா? காட்டினால் அவரிடம் படியுங்கள்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது 29 வயது. பதிமூன்று வயதுப் பையன், கொஞ்சம் கனமான உடம்பு, பள்ளி கிரிக்கெட் டீமில் விக்கெட் கீப்பர். முழங்கால் வலி என்று அப்பா கூட்டிவந்தார். முழங்காலைப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சூடு இல்லை. குனிந்து நிமிர்ந்து விளையாடுகிறவன், வளரும் வயது, தசை இறுக்கம் என்று நானே முடிவுகட்டினேன். மூன்று வாரம். ஒத்தடம், நீட்சி, முழங்கால் சில்லை அசைத்துவிடுவது, எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். அவன் வரும்போதெல்லாம் வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. அதையும் பார்த்தேன், நடை சரியில்லை என்று நடைப்பயிற்சியும் கொடுத்தேன். ஒருநாள் பெஞ்சில் மல்லாந்து படுத்திருந்தவன் ஷூ லேஸைக் கட்டக் காலை மடக்கித் தூக்கினான். தொடை நேராக மேலே வரவில்லை. தானாக வெளிப்பக்கம் உருண்டது. அப்போதுதான் இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். உள்பக்கம் திருப்ப முயன்றேன், திரும்பவே இல்லை, அவன் முகம் வெளிறியது.

தொடை எலும்பின் தலை, வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. இடுப்பில் நடப்பது முழங்காலில் வலிக்கும். இது எந்தக் குழந்தை எலும்பு மருத்துவப் புத்தகத்திலும் இருக்கிறது. கண்ட அன்றே நடப்பதை நிறுத்தி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நோய். நான் மூன்று வாரம் நடக்க வைத்திருந்தேன். ஸ்க்ரூ போட்டு நிறுத்தினார்கள். ஆனால் நழுவியது நழுவியதுதான்; அவன் பிறகு கீப்பிங் செய்யவில்லை. அவன் அப்பா என்னைத் திட்டவில்லை. "நீங்கதானேம்மா கண்டுபிடிச்சீங்க" என்று நன்றி சொன்னார். இன்றுவரை அந்த நன்றியை என்னால் செரிக்க முடியவில்லை.

நான் நாலரை வருடம் படித்திருந்தேன். கையும் நன்றாகவே இருந்தது. எனக்கு இல்லாதது ஒன்றுதான்: முழங்கால் என்று வந்த பையனின் இடுப்பைப் பார்க்காமல் விட்டால் "ஏன் பார்க்கவில்லை?" என்று என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்க ஒரு ஆள். முதுநிலைப் பயிற்சி என்று நான் சொல்வது அந்த ஆளைத்தான். அவரை மூன்று நாளில் யாரும் உங்களுக்குத் தர முடியாது.

கோபாலபுரம் திடலில் மாலையில் போய் நின்று பாருங்கள். கிரிக்கெட் பையன்கள், குத்துச்சண்டை பழக வரும் பிள்ளைகள், டி.ஏ.வி. பள்ளி விட்டுச் சீருடையோடு போகும் கூட்டம். இவர்களெல்லாம் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாத பிள்ளைகள். பெரியவர்களுக்குத் தசைநார் கிழியும் அதே விசை இவர்களுக்கு எலும்பைப் பெயர்க்கும். பெரியவர்களின் முதுகுவலி பெரும்பாலும் முதுகுவலிதான். பிள்ளை இரவில் வலியால் எழுந்தால், ஜுரம் வந்துபோனால், உடம்பு இளைத்தால், அந்த முதுகைத் தொடாதீர்கள். நம் ஊரில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் இருக்கிறது. இரத்தப் புற்றுநோய்கூடச் சில குழந்தைகளுக்கு எலும்பு வலியாகத்தான் தலைகாட்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை வந்தால் கழுத்தை ஒருபோதும் கையாளாதீர்கள். அவர்களில் சிலருக்கு மேல் கழுத்தெலும்பு இரண்டுக்கும் நடுவிலுள்ள பிணைப்பு தளர்ந்திருக்கும், தண்டுவடமே நசுங்கலாம். கெண்டைக்கால் பருத்து, பார்க்கப் பலசாலி போல இருக்கும் நாலு வயதுப் பையன், தரையிலிருந்து எழும்போது தன் தொடை மேலேயே கையை ஊன்றி ஊன்றி ஏறினால் அது தசைச் சிதைவு நோயாக இருக்கலாம். முனைக்காலில் நடக்கிறான் என்று குதிகால் தசைநாணை இழுத்துக்கொண்டு ஆறு மாதம் போக்கிவிடாதீர்கள். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தும் குழந்தையைப் பார்த்து "இடதுகைப் பழக்கம்" என்று சிரிக்காதீர்கள். மறு கையை மூளை அசைக்கவில்லையோ என்று பாருங்கள்.

இவ்வளவு சொல்வதால் குழந்தையைக் கையால் தொடவே கூடாது என்று பயந்து ஒதுங்கினால் அதுவும் துரோகம்தான். பிறவியிலேயே உள்பக்கம் வளைந்த பாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் இக்னாசியோ பொன்செட்டி என்பவர் உருவாக்கிய முறையில், பெரிய அறுவை சிகிச்சை இல்லாமல், கையாலும் மாவுக்கட்டாலும் அதைத் திருப்பிவிடுகிறார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் நடக்கிறது. பிறந்த சில வாரங்களில் தொடங்கினால் வாரம் ஒரு கட்டு, ஐந்தாறு கட்டு, பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சின்னக் கீறல். அதில் என்னைக் கவர்ந்த இடம் ஒன்று உண்டு. ஒரு கட்டைவிரல் கணுக்காலுக்கு முன்னால் துருத்தும் எலும்பின் தலையில் ஊன்றி நிற்கும். மறு கை முன்பாதத்தை மெல்ல வெளியே கொண்டுபோகும். குதிகாலைத் தொடக் கூடாது. திரும்பியிருப்பது குதிகால்தான், பார்ப்பவருக்கு அதைப் பிடித்து நேராக்கத்தான் கை பரபரக்கும். பிடித்தால் கெட்டது, பிடிக்காமல் விட்டால் தானாக வழிக்கு வரும். புதிதாகக் கற்பவர் அங்கே கொண்டுபோகும் கையை ஆசிரியர் எத்தனை தடவை தட்டிவிட வேண்டியிருக்கும் தெரியுமா? கை பழகுவது என்றால் அதுதான்.

அந்தச் சிகிச்சையின் பாதி வேலை கட்டு அவிழ்த்த பிறகு. இரண்டு ஷூவையும் ஒரு கம்பியில் பூட்டிய பிரேஸ், முதல் மூன்று மாதம் நாளெல்லாம், பிறகு தூங்கும்போது, நாலு வயது வரை. குழந்தை முதல் இரண்டு ராத்திரி அழும். மாமியார் "கழட்டிப் போடு, புள்ள பாவம்" என்பார். கழற்றினால் பாதம் திரும்ப உள்ளே போகும். அந்தத் தாயோடு உட்கார்ந்து, மாமியாரையும் கூப்பிட்டு, பிரேஸைப் போட்டுக் காட்டி, அடுத்த வாரம் போன் போட்டு விசாரிக்க யார் கற்றுத்தருகிறார்கள்? குழந்தையைப் பார்ப்பவர் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி உங்கள் கிளினிக்குக்கு வரும் அம்மாவிடம் "பத்து சிட்டிங் பேக்கேஜ்" விற்பதற்கு முன், வீட்டில் அவளே செய்யக்கூடியது என்ன என்று எழுதிக் கொடுங்கள். பச்சைக்குழந்தைக்குக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், மருத்துவர் பார்த்து இது தசை இறுக்கம்தான் என்று சொன்ன பிறகு, பால் கொடுக்கும் பக்கத்தை மாற்றுவதும், தொட்டிலில் தலைவைக்கும் திசையை மாற்றுவதும், விழித்திருக்கும்போது குப்புறப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் பெரிய வேலை செய்யும். அதில் உங்களுக்கு வருமானம் இல்லை. தெரிந்தும் சொல்லாமல் வைத்துக்கொண்டால் அது திருட்டு.

வளரிளம் பெண்கள் விஷயத்தில் என்னால் பொறுமையாக எழுத முடியவில்லை. முதுகு கோணல் என்று பதினாலு வயதுப் பெண்ணைக் கூட்டிவருவார்கள். குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் விலா மேடாகத் தெரியும். அந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். அவள் உடம்பு அவளுடையது. என்ன பார்க்கப்போகிறீர்கள், எங்கே தொடுவீர்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தொடங்காதீர்கள். அவளிடம் சொல்லுங்கள். "வேண்டாம்" என்றால் நிறுத்துங்கள். ஆண் பிசியோதெரபிஸ்ட் என்றால் அறையில் இன்னொரு பெண் இல்லாமல் பார்க்கவே கூடாது; பெண்ணாக இருந்தாலும் திரை போட்டு, போர்த்த ஒரு துணி கொடுத்துத்தான். கையால் அழுத்திக் கோணலை நிமிர்த்துவேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வளரும் வயதில் கோணல் 25 பாகையைத் தாண்டினால் பிரேஸ் தேவைப்படலாம். அது எக்ஸ்ரே பார்த்து எலும்பு மருத்துவர் முடிவெடுக்க வேண்டியது, நீங்கள் காக்கவைக்கும் ஒவ்வொரு மாதமும் அவள் வளர்ந்துகொண்டே இருக்கிறாள். தொடும்போது ஒரு பிள்ளை ஒடுங்கினால், உடம்பில் சொல்லுக்குப் பொருந்தாத காயம் இருந்தால், கண்ணை மூடாதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பாலியல் வன்முறை நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் உங்கள் மேசை மேல் ஒட்டியிருக்கட்டும்.

எங்கே படிப்பது என்று கேட்டாள் என் மாணவி. இங்கேயே இருக்கிறது. குழந்தைகள் துறை எடுத்து இரண்டு ஆண்டு எம்.பி.டி. படிக்கலாம். முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் தொடக்கநிலை இடையீட்டில் முதுநிலைப் பட்டயம் இருக்கிறது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை நம்மிடமிருந்து ஆட்டோ தூரம். அனுமதி வாங்கி ஓ.பி.யில் ஓரமாக நின்று பாருங்கள், ஒரு மாதத்தில் கண் மாறிவிடும். சித்த மருத்துவர்களைப் பாருங்கள்: உடம்பை நீவிவிடும் தொக்கணம் அவர்கள் கையிலிருக்கும் கலை, இருந்தும் தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் குழந்தை மருத்துவம் தனி முதுநிலைப் படிப்பு. ஆஸ்டியோபதிதான் வேண்டுமென்றால் அதை முழுதாகப் படியுங்கள். படித்து முடிக்கும்வரை அந்தச் சொல் உங்கள் போர்டில் வேண்டாம். 2021-இல் வந்த தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் உங்கள் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்கிறது. ஓட்டல் ஹால் சான்றிதழ் அந்தப் பதிவேட்டில் ஏறாது.

மூத்தவர்களே, என் வயதுக்காரர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. அந்தச் சான்றிதழ்களின் கீழே இருக்கும் கையெழுத்து நம்முடையது. மூன்று நாளில் பிள்ளைகள் எதைக் கற்பார்கள் என்று நமக்குத் தெரியும். அழைப்பு வந்தால் மறுத்துவிடுங்கள். அதற்குப் பதில் வாரம் ஒரு மாலை, பக்கத்திலுள்ள இரண்டு சின்னக் கிளினிக்குகளின் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவர்களுக்குப் புரியாத நோயாளிகளைப் பற்றிப் பேசுங்கள். காசு வாங்காதீர்கள். நமக்கு ஒருவர் இப்படிச் செய்திருந்தால் அந்த விக்கெட் கீப்பர் பையன் என் பெஞ்சில் மூன்று வாரம் படுத்திருக்க மாட்டான்.

என் மாணவியிடம் இன்றே செய்யச் சொன்னது ஒன்று உண்டு. நீங்களும் செய்யுங்கள். சாயங்காலம் கிளினிக்கைத் திறக்கும் முன் நோயாளிப் பதிவேட்டை எடுங்கள். இப்போது உங்களிடம் வந்துகொண்டிருக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களை வரிசையாகப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் என்ன நோய் என்று மருத்துவர் எழுதியிருக்கிறாரா, அல்லது நீங்களாக ஊகித்ததா? முழங்கால் வலி என்று வந்தவனின் இடுப்பை அசைத்துப் பார்த்தீர்களா? உங்களுக்கு நிச்சயமில்லாத பெயர்களுக்கு எதிரே பென்சிலில் ஒரு புள்ளி வையுங்கள். என் மாணவியின் பதிவேட்டில் மூன்று புள்ளி விழுந்தது. ஒன்று இரண்டரை மாதக் குழந்தை, கழுத்துச் சாய்வு, நான்கு சிட்டிங் முடிந்திருந்தது. அதுவரை எந்த மருத்துவரும் பார்க்கவில்லை.

"இப்ப என்ன மேடம் சொல்றது அவங்ககிட்ட?" என்றாள்.

"எனக்கு இதுல நிச்சயமில்லைம்மா, நாளைக்குக் காலையில எழும்பூருக்குப் போங்க, நானும் கூட வர்றேன்னு சொல்லு" என்றேன். "வாங்கின காசைத் திருப்பிக் கொடுத்துடு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சரி மேடம், வைங்க, அவங்க நம்பர்தான் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றாள்.